வரவேற்பறையில் ஒரு பாய்மரப் படகு

வீட்டுக்குள் படகு கட்டியவரைப் பற்றி உலகம் முழுக்க ஒரே ஜோக்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனுஷன் மாதக்கணக்கில் உழைத்து, பெயிண்ட் அடித்து, பேரும் வைத்துவிட்டு, கடைசியில் பார்த்தால் படகு வாசலில் நுழையாது. சுவரை இடிக்க வேண்டியதுதான்! 1719-இல் வந்த டேனியல் டீஃபோவின் நாவலிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ராபின்சன் குரூசோ தீவில் பெரிய மரம் ஒன்றை வெட்டி, மாதக்கணக்கில் குடைந்து படகாக்குவான். தண்ணீர் வரைக்கும் அதை நகர்த்த முடியாது. அப்படியே விட்டுவிடுவான்.

கவனிக்க வேண்டியது, குரூசோவுக்கு இடப் பஞ்சமே கிடையாது. தீவு முழுக்க அவனுடையதுதான்.

சின்ன வீட்டில் பாய்மரப் படகு கட்டலாமா என்று பேச்சு வந்ததும் எல்லோரும் டேப்பை எடுத்துக்கொண்டு அறையை அளக்கப் போகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பதினோரு அடிப் படகு, சுற்றி நடக்க இடமில்லை, ஆகவே முடியாது. கனவு அத்தோடு மூட்டை கட்டப்படுகிறது. ஆனால் அடிக்கணக்கு பாதிதான். மீதிப் பாதி நாள் கணக்கு. படகு அந்த அறையை எத்தனை நாள் பிடித்துக்கொள்ளும், அத்தனை நாளும் அந்த அறை இல்லாமல் யார் யார் தவிக்கப் போகிறார்கள் என்பதை யாரும் அளப்பதில்லை. சிறிய வீட்டில் படகு முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்குதான்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு வரையப்பட்ட படகு ஒன்று இருக்கிறது. 1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமான மிரர். இங்கிலாந்தின் தொழிலாளர் வீடுகளில் அதிகம் படிக்கப்பட்ட டெய்லி மிரர் நாளிதழ்தான் இதற்குப் பின்னால் இருந்தது. பாய் சிவப்பாக இருப்பது அந்தப் பத்திரிகையின் நிறம் என்பதால்தான். படகை வரைந்தவர்கள் இரண்டு பேர். ஜாக் ஹோல்ட், ஏற்கெனவே பல சிறு படகுகளை வடிவமைத்துப் பேர் வாங்கியவர். பாரி பக்னெல், தொலைக்காட்சியில் வீட்டு ரிப்பேர் வேலைகளைச் சொல்லிக்கொடுத்தவர். ஒருவருக்குத் தண்ணீர் தெரியும், இன்னொருவருக்கு வீடு தெரியும். கூட்டணி என்றால் இப்படி இருக்கணும்.

படகின் நீளம் 10 அடி 10 அங்குலம். அகலம் 4 அடி 7 அங்குலம். வெறும் கூட்டின் எடை சுமார் 45 கிலோ, அதாவது இரண்டு பேர் தூக்கலாம். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். அந்த வருடத்து இங்கிலாந்தில் ஓர் ஆண் தொழிலாளியின் சராசரி வாரக் கூலி 16 பவுண்டை ஒட்டி இருந்தது. ஆக ஏறக்குறைய நான்கு வாரச் சம்பளம். அதுவரை படகுச் சங்கத்துக்காரர்களின் விளையாட்டாக இருந்தது, நான்கு வாரக் கூலியாகி வீட்டு வாசலுக்கு வந்தது. இன்றுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

எல்லோரும் இந்த விலையைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். ஆனால் அதிகம் பேசப்பட வேண்டியது அது பெட்டியில் வந்த விதம். வெட்டிய பிளைவுட் துண்டுகளாக, தட்டையாக வந்தது. தட்டையாக இருப்பது சுவரோரம் சாய்ந்து நிற்கும், கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும். யாருக்கும் இடைஞ்சல் கிடையாது.

பழைய முறையில் படகு கட்டுவதென்றால் முதல் நாளே அறை போய்விடும். முதலில் நீளமான உத்திரம் மாதிரி ஒன்றைத் தரையில் நிலையாக வைத்து, அதன்மேல் படகின் குறுக்கு வடிவங்களைச் சட்டங்களாக வரிசையாய் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பலகையே ஏறும். படகு இன்னும் பிறக்கவில்லை, ஆனால் அதன் எலும்புக்கூடு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

மிரரில் அந்த எலும்புக்கூடு கிடையாது. பலகைகளின் ஓரங்களில் சிறு துளைகள் போட்டு, செம்புக் கம்பியைக் கோத்து முறுக்கித் தைப்பார்கள். ஆமாம், துணி தைப்பது போலவேதான். அடிப்பலகைகள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நடுக்கோட்டில் தைத்துவிட்டுப் புத்தகம் மாதிரி விரித்தால் படகின் அடிப்பாகம் எழுந்து வரும். பிறகு பக்கப் பலகைகள், முன் தட்டு, பின் தட்டு, குறுக்குத் தடுப்புகள். எல்லாம் தைத்து முடித்ததும் மூட்டுகளின் உட்பக்கம் ஃபைபர் கிளாஸ் பட்டையை ரெசினில் நனைத்து ஒட்டி, காய்ந்த பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டிவிட்டு வெளிப்பக்கமும் ஒட்டுவார்கள். தச்சனுக்கே உரிய இழைப்பும் பொருத்தும் இங்கே வெகு குறைவு. மூக்கு கூர்மையாக இல்லாமல் வெட்டிவிட்டாற்போல் தட்டையாக இருப்பதற்கும் அதுதான் காரணம். கூர்முனைக்காகப் பலகையை முறுக்கி வளைப்பது கத்துக்குட்டிக்குக் கஷ்டம். அழகு கொஞ்சம் குறைச்சல்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே.

(பலகையைத் தைப்பது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன்பு கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி கிடையாது, பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தவை. மணலில் மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அங்கே தையல் கடைசிவரை படகைத் தாங்கியது. மிரரில் பசை காயும்வரை பிடித்துக்கொள்ளத்தான் தையல். பெயர் ஒன்றானாலும் வேலை வேறு.)

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சிறு படகுக்கு மொத்தம் நூறு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வாரத்துக்கு ஐந்து மணி நேரம். இருபது வாரம். பழைய முறையில் அந்த 140 நாளும் அறை படகுக்குத்தான். பலகையைத் தைக்கும் முறையில், வரைவது, வெட்டுவது, துளை போடுவது, சுக்கான், பாய்மரம், துடுப்பு, உட்காரும் பலகை எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேய்த்து வார்னிஷ் அடிப்பது என்று அறுபது மணி நேர வேலையைப் படகு எழுந்து நிற்பதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று கொண்டால், பாக்கி நாற்பது மணி. எட்டு வாரம், 56 நாள். அந்த நாற்பது மணி நேரத்தையும் லீவு போட்டுத் தினமும் நாலு மணி நேரமாகச் செய்தால் பத்து நாள். பசை காயவும் பெயிண்ட் உலரவும் இன்னொரு பத்து நாள் சேர்த்துக்கொண்டாலும் இருபதுதான்.

140 நாள் எங்கே, 20 நாள் எங்கே. அறையின் நீள அகலம் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. வேலையும் அதே நூறு மணி நேரம்தான். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசையை மாற்றியதில் கிடைத்த இடம் இது.

பெரும்பாலானவர்கள் நேர் எதிராகச் செய்வார்கள். படகு வடிவம் எழுந்து நிற்பதைப் பார்க்க ஆசை. வெட்டியதும் தைத்துவிடுவார்கள். அன்றைக்கு வீடே கூடி நின்று போட்டோ எடுக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தப் படகைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போக வேண்டியவர்களின் முகத்தைப் போட்டோ எடுக்க யாரும் இல்லை.

"அதற்குத்தான் வெளியே ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுக்கலாமே" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலையின் தன்மை அதற்கு ஒத்துவராது. பசை வேலை என்பது அரைமணி நேரம் பூசுவது, பிறகு ராத்திரி முழுக்கக் காத்திருப்பது. மறுநாள் இருபது நிமிடம் தேய்த்து இன்னொரு பூச்சு, மறுபடி காத்திருப்பு. வீட்டில் என்றால் சாப்பாடு முடிந்து கையைக் கழுவிவிட்டுப் போய் ஒரு பூச்சு பூசிவிட்டுத் தூங்கலாம். ஷெட் என்றால் அரைமணி வேலைக்காகப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. முதல் மாதம் போவார்கள். இரண்டாம் மாதம் மழை, மூன்றாம் மாதம் உறவுக்காரர் கல்யாணம். வாடகை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

பெரிய கொல்லைப்புறம் உள்ளவர்களின் கதையும் இதுதான். இடம் இருக்கிறது என்று இருபது, இருபத்தைந்து அடிப் படகாக ஆரம்பிப்பார்கள். அது யாருக்கும் இடைஞ்சலாக இருக்காது. அதுதான் அதற்கு வந்த வினை. யாரும் கேட்க மாட்டார்கள், "எப்பப்பா முடியும்?" என்று. நீலத் தார்ப்பாய் போர்த்தி மூடுவார்கள், தார்ப்பாய் கிழியும், புதுத் தார்ப்பாய் வாங்குவார்கள். சின்ன வீட்டில் அந்த வசதி கிடையாது. அம்மா தினமும் கேட்பார். மனைவி தினமும் கேட்பார். பொங்கலுக்கு விருந்தாளி வருவதற்குள் கூடம் காலியாக வேண்டும். இதைவிடக் கறாரான மேற்பார்வையாளர் எந்தப் படகுத்துறையிலும் கிடைக்க மாட்டார் :-)

ஆனால் சிரித்துக்கொண்டே கடந்துபோக முடியாத பக்கமும் ஒன்று இருக்கிறது. படகு கட்டுகிறவர் மரத்துக்கும் பசைக்கும் பாய்க்கும் கணக்கு எழுதி வைப்பார், ரசீதுகூட இருக்கும். அறைக்குக் கணக்கு எழுத மாட்டார். காரணம், அதற்கு அவர் பணம் தரவில்லை. தந்தவர்கள் வீட்டில் உள்ள மற்றவர்கள். அந்த அறையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை வேறு மூலையைத் தேட வேண்டும், துணி காயவைத்தவர் வேறு கொடியைத் தேட வேண்டும். காமர்ஸ் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போவது இதைத்தான்.

அதோடு காற்று. பாலியெஸ்டர் ரெசின் நாற்றம் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால் போய்விடுகிற சமாச்சாரம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். எபாக்சிக்கு அவ்வளவு வாசனை கிடையாது. அதனாலேயே அது பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். காயாத எபாக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது, அந்தப் பசை இருக்கும் பக்கமே போக முடியாது. அரைகுறையாகக் காய்ந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூளும் நல்லதல்ல. நிறையக் கலந்து ஒரே கப்பில் வைத்துவிட்டால் தானாகவே சூடேறிப் புகையும், பிளாஸ்டிக் கப் இளகிவிடும். நம்மூர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே கையுறை, முகமூடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது. தேய்க்கும் வேலை முழுக்கத் திறந்த வெளியில்.

கைக்குழந்தையோ மூச்சிரைப்பு உள்ளவர்களோ இருக்கும் வீட்டில், ஒரே அறைக்குள் இதைச் செய்யவே கூடாது. நாலு சுவர் அளவு இடம் இருந்தாலும் அது கட்டுகிறவரின் இடம் அல்ல. இதில் பேரம் பேச ஒன்றுமில்லை. மொட்டை மாடியோ வராந்தாவோ இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் அந்த வருடம் படகு வேண்டாம்.

சரி, மிரரைவிடச் சின்னதாகப் போகலாமா? தாராளமாக. 1947-இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர், சிறுவர்களுக்காக ஆப்டிமிஸ்ட் என்ற படகை வரைந்தார். செலவு 50 டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவரிடம் சொல்லப்பட்டது. அவர் பிளைவுட் தாளின் அளவிலிருந்து ஆரம்பித்தார். நம் தச்சர்கள் "எட்டுக்கு நாலு" என்பார்களே, அதேதான். எட்டடித் தாளில் எட்டடிக்கு உள்பட்ட படகு, 7 அடி 9 அங்குலம். பெட்டி மாதிரி இருக்கும். இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் பாய் விரிக்கக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான். 2003-இல் அமெரிக்காவில் வந்த பட்டில் டக் ரேசர் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. எட்டடி நீளம், நாலடி அகலம், பதினாறு அங்குல உயரம், அவ்வளவுதான். தார்ப்பாயையே வெட்டிப் பாயாகத் தைத்துக்கொள்கிறவர்களும் அதில் உண்டு.

எட்டடியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பலகைகளைச் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று ஒட்ட வேண்டும். சரிவின் நீளம் பலகைக் கனத்தைப் போல எட்டு மடங்கு, அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. கஷ்டமான வேலை அல்ல, ஆனால் ஒட்டியபின் அந்தப் பலகை பத்துப் பன்னிரண்டு அடி. மாடிப்படியில் திரும்பாது. ஆக, எட்டடி என்பது கடையில் கிடைக்கும் அளவு மட்டுமல்ல, சின்ன வீட்டுக்குள் சண்டை இல்லாமல் போய்வரும் அளவும்கூட.

எல்லோரும் மறந்துவிடுகிற இன்னொரு நீளம் பாய்மரம். கூடு பதினோரு அடி என்றால் வழக்கமான முக்கோணப் பாய்க்கு வேண்டிய கம்பம் அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். படகு அறைக்குள் இருக்கும், கம்பம் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மிரரில் இதற்கும் வழி செய்திருந்தார்கள். கம்பம் இரண்டு துண்டு, கீழே குட்டையான ஒன்று, பாயோடு சேர்ந்து மேலே ஏறுகிற இன்னொன்று. கழற்றினால் எல்லாம் கூட்டின் நீளத்துக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். 2006-இல் விதிகளை மாற்றி ஒற்றைக் கம்பத்தையும் அனுமதித்தார்கள். ஒற்றைக் கம்பத்தை மாட்டுவது சுலபம்தான், ஆனால் படகு பிறந்த வீட்டை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

பொம்மைப் படகு என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஏ.ஜே. மெக்கின்னன் என்பவர் ஒரு பழைய மிரரில் பாயும் துடுப்புமாக இங்கிலாந்திலிருந்து கிளம்பி, ஆறுகளும் கால்வாய்களும் வழியாக ஐரோப்பாவைக் கடந்து கருங்கடல் வரை போயிருக்கிறார். நடுவே ஆங்கிலக் கால்வாயையும் அதிலேயே தாண்டினார். புத்தகமாகவும் எழுதினார்.

பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். 1963-இல் அது உண்மை. இன்றைக்கு இங்கிலாந்தில் பழைய மிரர் ஒன்றை, புதிதாகக் கட்டத் தேவையான மரைன் பிளைவுட் விலையைவிடக் குறைவாகவே வாங்கிவிடலாம். தண்ணீரில் போவது மட்டும்தான் நோக்கம் என்றால் பழையதை வாங்குவதே புத்திசாலித்தனம். நம்மூரில் அப்படிப் பழையதும் எளிதில் கிடைக்காது, அதனால் இங்கே கட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நியாயம் உண்டு. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அலமாரிக்கு வாங்கும் சாதாரண ரகம் விலை குறைவுதான், தண்ணீரில் ஊறினால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

கடைசியில் அந்த வாசல். 4 அடி 7 அங்குல அகலப் படகு மூன்றடிக் கதவில் நேராக நுழையாது, பக்கவாட்டில் சாய்த்தால் நுழையும். கதவைவிடப் பெரிய எதிரி கதவுக்கு அடுத்து வரும் திருப்பம், குறுகிய நடையும் மாடிப்படி வளைவும். பிளைவுட் வாங்குவதற்கு முன்னால், பழைய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டிகளை ஒட்டி, குறுக்கே மூங்கில் கழி வைத்துக் கட்டி, படகின் நீளம் அகலம் ஆழத்துக்கு ஒரு கூடு செய்து, இரண்டு பேராக அதைத் தெருவரைக்கும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட வேண்டும். அரை நாள் வேலை, செலவு இல்லை. திருப்பத்தில் அட்டை கொஞ்சம் மடங்கினால் போதும், தாண்டிவிடும். அங்கேதான் மடக்காமல் நிற்க வேண்டும், பலகை மடங்காது.